துண்டு ஒரு தடையல்ல

எங்கள் தெருவிலிருந்து பெரிய சாலைக்குப் போக ஒரு கட்டடத்தின் வயிற்றுக்குள் புகுந்துதான் வெளியேற வேண்டும். அது பழைய உப்புக் கிடங்கு. வண்டிகள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போவதற்காக நடுவில் ஒரு பாதை விட்டு, இரண்டு முனையிலும் வளைவு வைத்துக் கட்டியிருந்தார்கள். உப்பு போனது, வண்டிகள் போயின, ஒரு மழையில் பாதிக் கூரையும் போனது. பாதை மட்டும் இருந்தது. பள்ளிக்கூடம், பேருந்து, மருந்துக்கடை எல்லாவற்றுக்கும் நாங்கள் அதன் வழியாகத்தான் போவோம்.

கிடங்காக இருந்தவரை அதை எல்லோரும் பங்களா என்றுதான் சொன்னார்கள். அதை வாங்கிச் சொகுசு விடுதியாக மாற்றியவர்கள் அதற்குக் 'கிடங்கு' என்று பெயர் வைத்தார்கள்.

மாற்றும் வேலை நீண்டநாள் நடந்தது. சுவரிலிருந்த பழைய சுண்ணாம்பை முழுக்கச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினார்கள். பூசியது காய்ந்ததும், பழைய சுவர்போலத் தெரிவதற்காக அதை அங்கங்கே பெயர்த்தெடுக்க வெளியூரிலிருந்து ஓர் ஓவியரை வரவழைத்தார்கள். நிஜமான பாசியைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அதே இடத்தில் அவர் பாசி வரைந்தார். அறைகளுக்கு எண் கிடையாது. பெரிய அறைக்கு 'மூட்டை', சின்ன அறைக்கு 'அரை மூட்டை', ஜன்னல் இல்லாத அறைக்குச் 'சிப்பம்'. சிப்பத்துக்குத்தான் கிராக்கி அதிகம் என்று பேசிக்கொண்டார்கள். உப்பு எப்படி உணர்ந்ததோ அப்படியே உணரலாமாம்.

இவ்வளவு செய்தவர்களுக்குத் தொண்டையில் மாட்டிய முள் அந்தப் பாதைதான். அதை அடைத்தால் அருமையான முன்கூடம் கிடைக்கும். ஆனால் நகராட்சி கொடுத்த அனுமதியில் ஒரு நிபந்தனை இருந்தது. பாதை பொதுமக்களுடையது, தடை எதுவும் வைக்கக்கூடாது, கட்டணம் வாங்கக்கூடாது. திறப்பு விழாவுக்குள் பொதுமக்கள் தாங்களாகவே அதைப் பயன்படுத்துவதை விட்டுவிட்டால் விடுதி எடுத்துக்கொள்ளலாம். விழாவுக்கு வரும் ஆணையர் நேரில் பார்த்து முடிவு சொல்வார். இதை அச்சடித்து வளைவிலேயே ஒட்டியிருந்தார்கள். நாங்கள் நின்று படித்துவிட்டு, தினமும் நடக்கிற பாதையை யார் விடப்போகிறோம் என்று சிரித்துக்கொண்டே அதன் வழியாக வீட்டுக்குப் போனோம்.

எங்களில் அந்தப் பாதை யாருக்கு அதிகம் தேவை என்று கேட்டால் எல்லோரும் தட்டக்காவைத்தான் காட்டுவார்கள். அவள் வீட்டு ரொட்டி அடுப்பு எங்கள் தெருவில். கடை பெரிய சாலையில். கணவர் சுடுவார், மாமியார் கடையில் உட்கார்ந்து விற்பாள், நடுவில் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பது அவள் வேலை. அவர்கள் கடைக்குப் பக்கத்திலேயே கண்ணாடி போட்ட ஒரு பெரிய கடை இருக்கிறது. அங்கே விதவிதமான ரொட்டி பளபளக்கும் உறைகளில் கிடைக்கும். இருந்தும் ஜனங்கள் இவர்களிடம் வருவதற்குக் காரணம் ஒன்றுதான்: ரொட்டி சூடாக இருக்கும். சூடு போனால் கடையும் போகும். பாதையை விட்டால் சுற்றிக்கொண்டு ரயில் மேம்பாலத்தில் இரும்புப் படி ஏற வேண்டும். தலையில் அகலமான தட்டோடு, அந்தக் காற்றில், அது ஆகிற காரியமில்லை.

தட்டக்கா வாயில்லாதவள். யார் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்று சொல்லிவிட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டுக்கு வந்து யோசிப்பாள்.

விடுதியில் வேலை முடிந்து ஆட்கள் வந்து இறங்கிய முதல் காலை, அவள் வழக்கம்போல் தட்டோடு வளைவுக்குள் நுழைந்தாள். பட்டுச் சேலை கட்டிய ஒரு பெண் சுருட்டி வைத்த ஈரத்துண்டை நீட்டி, "வாங்க, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தோம்" என்றாள். தட்டக்கா திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை. இரண்டு கையும் தட்டைப் பிடித்திருந்ததால் துண்டை வாங்க முடியவில்லை. உடனே இரண்டு பேர் ஓடிவந்து, சிம்மாசனத்தை இறக்குவதுபோலத் தட்டை இறக்கினார்கள். கையைத் துடைத்தார்கள். நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இலை மிதக்கும் ஏதோ ஒரு பச்சைத் தண்ணீரைக் கொடுத்தார்கள். மணிக்கட்டில் வாசனைத் தைலம் தடவினார்கள். பிறகு கண்ணாடி போட்ட ஒருவர் எதிரே வந்து நின்று, இந்த இடத்தில் ஓர் இளவரசி தன் காதலனுக்காகக் காத்திருந்த கதையைச் சொன்னார். கடைசியில், தங்கள் வருகை எப்படி இருந்தது என்று கேட்டார்கள்.

"நான் இன்னும் வரலீங்களே. போய்க்கிட்டிருக்கேன்" என்றாள் தட்டக்கா.

கடைக்குப் போனபோது ரொட்டி ஆறியிருந்தது. மாமியார் ஒன்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஏம்மா, எதிர்ல இருக்கிற அடுப்புலேர்ந்துதான வர்றே, இல்ல வழியில எங்காச்சும் தங்கிட்டு வர்றியா" என்று கேட்டாள். மருமகளின் மணிக்கட்டிலிருந்து வந்த வாசனையை முகர்ந்தபின் அவள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

மறுநாள் அவள் வேகமாக நடந்து பார்த்தாள். வேகமாக நடப்பவர்கள் களைத்திருப்பார்கள் என்று விடுதியின் விதி சொன்னதால் அவளுக்குக் கால் பிடித்துவிட்டார்கள். அதற்கு மறுநாள், வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்பவர்கள் மனத்தாங்கலோடு இருப்பார்கள் என்று இன்னொரு விதி சொன்னது. அவளைச் சமாதானப்படுத்த வரவேற்பு இயக்குநரே நேரில் வந்துவிட்டார்.

அவர் எப்போதும் கைகூப்பியபடியே இருப்பார். ஏதாவது எடுக்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொடுப்பார்.

அந்த வரவேற்பு எல்லோருக்கும் நடந்தது. டீச்சர் மணியடித்த பிறகு பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார். பேருந்துக்குப் போனவர்கள் பேருந்தைத் தவறவிட்டார்கள். எலக்ட்ரீஷியன் ஒரு நாள் மாலை தைல வாசனையோடு வீட்டுக்குப் போக, அவர் மனைவி சோற்றைத் தட்டில் போடாமல் தரையில் 'ணங்'கென்று பாத்திரத்தோடு வைத்தாள். விடுதியில் தடவியது என்று அவர் சொன்னது நிலைமையை இன்னும் கெடுத்தது. ஒவ்வொருவராக மேம்பாலத்துக்கு மாறினார்கள். யாரும் யாரையும் தடுக்கவில்லை. பாதை திறந்தேதான் இருந்தது. அதில் ஆள்தான் இல்லை.

இதைப் பற்றிக் கேட்க வந்த பத்திரிகைக்காரரிடம் இயக்குநர் கைகூப்பியபடி சொன்னார்: "யாரையும் தடுக்கிறது எங்க பண்பாடே இல்லீங்க. வர்றவங்கள நல்லா கவனிக்கிறோம். அந்தக் கவனிப்பத் தாங்க முடியாம சில பேர் வேற பக்கமா போறாங்கன்னா, அது அவங்க விருப்பம். மக்களோட விருப்பத்த மதிக்கணும்ங்கிறதுதான் எங்க கொள்கை. அவங்க எல்லாரும் போயிட்டாங்கன்னா அதையும் முழு மனசோட மதிப்போம். எங்ககிட்ட பெரியவங்க சின்னவங்கங்கிற பேதம் கிடையாது. வளைவுக்குள்ள யார் முதல்ல வந்தாலும் அவங்களுக்குத்தான் முதல் வரவேற்பு. ஒருத்தருக்கு முடியாம அடுத்தவரத் தொடவே மாட்டோம்."

தட்டக்கா நகராட்சிக்குப் போனாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு புகார் சொல்லப் போகிறோம் என்பதால் வழியெல்லாம் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். மேற்பார்வையாளர் தடித்த புத்தகம் ஒன்றைத் தலையணைபோலக் கைக்குக் கீழே வைத்துக்கொண்டு கேட்டார்.

"என்ன பண்றாங்க? அடிக்கிறாங்களா?"

"இல்லீங்க. வாங்கன்னு சொல்றாங்க."

"சரி."

"உக்காரச் சொல்றாங்க. குடிக்கக் குடுக்கிறாங்க."

"ம்."

"கால் பிடிச்சு விடுறாங்க சார்."

மேற்பார்வையாளர் பேனாவை மூடினார். "இங்க பாரும்மா. இந்த ஆபீஸ்ல நான் சேர்ந்ததுலேர்ந்து ஒருத்தர்கூட என்னை வாங்கன்னு சொன்னதில்ல. நீ அதையே புகாரா கொண்டு வந்திருக்கே. தடைன்னா என்னன்னு விதியில தெளிவா இருக்கு. கம்பி தடை. கயிறு தடை. கல், மண், மரம், ஆடுமாடு எல்லாம் தடை. துண்டு தடையே இல்ல. அதுவும் ஈரத்துண்டு. நாளைக்கு நீ வந்து சர்பத் தடைன்னு சொன்னா நான் எங்கே போய் நிப்பேன்?"

"ரொட்டி ஆறிடுது சார்."

"ஆறின ரொட்டிய இது வரைக்கும் நான் தின்னுக்கிட்டுதானே இருக்கேன்" என்றார் அவர். தடை ஏதும் காணப்படவில்லை என்று எழுதி முடித்துக்கொண்டார்.

விடுதிக்கு அடுத்த குறை ரொட்டியின் வாசனை. பாதையில் மணக்க வேண்டியது பழைய உப்பு. அந்த வாசனையைக் கடல் தாண்டியிருந்த ஒரு கம்பெனியிலிருந்து புட்டியில் வரவழைத்து, சுவரின் துளைகள் வழியாகத் தெளித்துக்கொண்டிருந்தார்கள். சோதனைக்காகத் தங்கவைத்த முதல் விருந்தாளிகள் காலையில் அறையை விட்டு வந்து, மூக்கைத் தூக்கிப் பிடித்தபடி ரொட்டித் தட்டின் பின்னாலேயே நடந்து கடை வரைக்கும் போய்விட்டார்கள். அன்று மாலை இயக்குநர் தட்டக்காவின் வீட்டுக்கே வந்தார்.

அவர் ஒரு யோசனை சொன்னார். கடையை மூடிவிடலாம். அடுப்பில் விடுதிக்கு மட்டும் ரொட்டி சுடலாம். ஒரு விரல் அளவில், கறுப்பாக, சற்றே தீய்ந்ததுபோல. அதைப் பின்வாசலில் கொடுத்துவிட்டால் போதும், பாதைக்குள் நடக்கவே வேண்டியதில்லை. "உங்க சிரமத்தப் பார்த்தா எனக்குத் தூக்கம் வரல" என்று கைகூப்பினார்.

அவர் போனதும் கணவர் அடுப்பின் வாயை மூடினார். பிறகு, ஒத்துக்கொள்ளலாம் என்று தோன்றுவதாகச் சொன்னார். தெருவே மேம்பாலத்துக்குப் போய்விட்டது, நாம் ஒருவர் நடந்து என்ன ஆகப்போகிறது, கிடைப்பதை வாங்கிக்கொண்டு கிடக்கலாம் என்றார்.

மாமியார் கால் நீட்டி உட்கார்ந்திருந்தவள், "தீஞ்ச ரொட்டி சுட்டதுக்கு இவன் அப்பா இவனை அடிச்ச அடி எனக்குத்தான் தெரியும். இப்ப அதுக்கு ஆர்டர் வந்திருக்கு" என்றாள்.

"நீ சும்மா இரும்மா. தட்டைத் தூக்கிட்டுப் போறவ அவ. அவ சொல்லட்டும்."

இருவரும் தட்டக்காவைப் பார்த்தார்கள். அவள் "சரிங்க" என்று சொல்லப் போகிறாள் என்று கணவர் எதிர்பார்த்தார். அவளும் அப்படித்தான் வாயைத் திறந்தாள்.

"நான் நாளைக்கும் அந்தப் பக்கமாத்தான் போவேன்" என்றாள். எதற்காக அப்படிச் சொன்னோம் என்று அவள் அன்று இரவு முழுக்க யோசித்தும் பிடிபடவில்லை.

மறுநாள் காலை அவள் சோர்ந்துபோயிருந்தாள். துண்டு வந்ததும் வாங்கிக்கொண்டாள். எப்போதும் விரல் நுனியை ஒற்றிவிட்டுக் கொடுப்பவள், அன்று முகம், கழுத்து, பின்கழுத்து எல்லாம் துடைத்தாள். இன்னொரு துண்டு கிடைக்குமா என்று கேட்டாள். பச்சைத் தண்ணீரை முழுக்கக் குடித்தாள். "இன்னொன்னு குடுங்க" என்றாள். கதைக்காரர் வந்து, இளவரசி காத்திருந்தாள் என்று முடித்துவிட்டுத் தலைவணங்கினார்.

"அப்புறம்?" என்று கேட்டாள் தட்டக்கா.

கதைக்காரர் நிமிர்ந்தார். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. "காதலன் வந்தான்" என்றார்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து?"

"அந்த... கிழக்குப் பக்கத்துலேர்ந்து."

"அவனுக்கும் துண்டு குடுத்தாங்களா?"

கதைக்காரர் பக்கத்திலிருந்த சுவரைப் பிடித்துக்கொண்டார். விருந்தாளி கேட்டுக்கொண்டிருக்கும்வரை கதையை நிறுத்தக்கூடாது என்பது விதி. காதலனுக்கு ஒரு குதிரை வந்தது, குதிரைக்கு ஒரு நோய் வந்தது, நோயைத் தீர்க்க ஒரு வைத்தியர் வந்தார். வைத்தியரின் குடும்பத்தைப் பற்றி அவள் விசாரித்துக்கொண்டிருந்தபோது பெரிய சாலைப் பக்கத்து வளைவில் கார் ஒன்று வந்து நின்றது. பெட்டிகளோடு நிஜ விருந்தாளிகள் இறங்கினார்கள். வரவேற்க ஆளில்லை. எல்லோரும் தட்டக்காவை வரவேற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரை முடிக்காமல் அடுத்தவரைத் தொடமுடியாது. வெயிலில் நின்ற விருந்தாளி அம்மாள் விசிறிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தாள். இயக்குநரின் கூப்பிய கைகள் முதல்முறையாகப் பிரிந்து, நெற்றியைத் துடைத்தன.

துண்டுக்காரப் பெண் குனிந்து, "அக்கா, இன்னும் ஒரு கிளாஸ் கேளுங்க" என்று மெல்லச் சொன்னாள்.

அன்றைக்கும் ரொட்டி ஆறித்தான் போனது. ஆனால் தட்டக்கா அன்று கடையிலிருந்து திரும்பியதும் நேராக மேம்பாலத்தின் அடியில் போய் நின்றாள். படியேறிக்கொண்டிருந்த எங்களையெல்லாம் நிறுத்தினாள். அவளாக ஒருவரை நிறுத்திப் பேசியதை நாங்கள் பார்த்ததில்லை என்பதால் நின்றோம்.

"திறப்பு விழா அன்னிக்கு எல்லாரும் பாதையிலயே வாங்க. சண்டை போட வேணாம். அவங்க என்ன குடுத்தாலும் வாங்கிக்கணும். ஒண்ணக்கூட வேணாம்னு சொல்லக்கூடாது. கதை சொன்னா அப்புறம்னு கேக்கணும்."

"எனக்கு வாசனை மட்டும் வேணாம்மா" என்றார் எலக்ட்ரீஷியன்.

"அண்ணியையும் கூட்டிட்டு வாங்கண்ணே. ரெண்டு பேருக்கும் தடவட்டும்" என்றாள் தட்டக்கா.

விழா நாளில் இரண்டு வளைவிலும் பூ கட்டியிருந்தார்கள். குறுக்கே பட்டு நாடா கட்டினால் தடையாகிவிடும் என்று மேற்பார்வையாளர் சொன்னதால், நாடாவைப் பாதையோரமாகச் சுவரில் கட்டியிருந்தார்கள். ஆணையர் வந்து காலியான பாதையைப் பார்க்க வேண்டும், வருந்த வேண்டும், அதை விடுதிக்கு ஒப்படைக்க வேண்டும். பேச்சும் தயாராக இருந்தது.

ஆணையருக்குச் சற்று முன்னால் எங்கள் தெரு வந்தது.

முதலில் டீச்சர். அவர் கதையில் ஆண்டு, ஆதாரம் எல்லாம் கேட்டார். பிறகு எலக்ட்ரீஷியன், ஏணியோடும் மனைவியோடும். ஏணியை இறக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. மனைவி தைலத்தை முகர்ந்து பார்த்து, "இதே வாசனைதான்" என்று நீண்ட பெருமூச்சு விட்டாள். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மெத்தைக்காரர் ஒரு மெத்தையோடு வந்தார். அதையும் மரியாதையாகத்தான் வரவேற்க வேண்டியிருந்தது. ஒரு தாய் பிள்ளைகளோடு வந்தாள், ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு கிளாஸ், ஆளுக்கொரு கால்பிடி. பிள்ளைகள் கூச்சத்தில் சிரித்துச் சிரித்து விக்கினார்கள். வரிசையின் நடுவே, மாவு படிந்த பனியனோடு தட்டக்காவின் கணவரும் நின்றிருந்தார். அவர் துண்டை வாங்கித் துடைத்துக் கொடுத்தபோது அது துண்டாக இல்லை, ரொட்டி சுடும் பதத்தில் இருந்தது. "இன்னொன்னு இருக்குங்களா" என்றார்.

கதைக்காரருக்குத் தொண்டை கட்டிவிட்டது. இளவரசிக்கு அப்போது பேரப்பிள்ளைகள் பிறந்திருந்தார்கள்.

பெரிய சாலைப் பக்கம் ஆணையர் வந்து இறங்கினார். நேராக வளைவுக்குள் நுழைந்தவரை வாங்க என்று சொல்ல யாருமில்லை. இயக்குநர் மெத்தைக்கு அந்தப் பக்கம் மாட்டியிருந்தார். அங்கிருந்தே கைகூப்பி, "ஐயாவ முன்னாடி விடுங்க, ஐயா பெரியவங்க" என்று கெஞ்சினார்.

"எங்ககிட்ட பேதமில்லன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சே" என்றார் டீச்சர். அவர் இன்னும் ஆதாரத்துக்காகக் காத்திருந்தார்.

அப்போதுதான் எங்கள் தெருப் பக்கத்து வளைவில் தட்டக்கா நுழைந்தாள். தலையில் தட்டு, தட்டில் அப்போது எடுத்த ரொட்டி. ஆவி வந்துகொண்டிருந்தது. வரிசையில் நின்றவர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். தட்டை இறக்க வழக்கமான இரண்டு பேர் ஓடிவந்தார்கள்.

"தொடாதீங்க" என்றாள்.

அவர்கள் துண்டுக்காரப் பெண்ணைப் பார்த்தார்கள். அவள் துண்டுக் கூடையை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு நகர்ந்து நின்றாள். தட்டக்கா நடந்தாள். இயக்குநர் எதிரே வந்து, எப்போதும்போல உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினார்.

"நான் விருந்துக்கு வரலீங்க. ரோட்டுல போறேன்."

அவர் நகரவில்லை. தட்டின் விளிம்பு அவர் நெற்றிக்கு நேராக வந்தது. சூடு தெரிந்ததும் நகர்ந்தார். அதற்கப்புறம் பாதையில் இருந்தது ஆணையர் மட்டும்தான். அவர் வளைவின் குறுகலான இடத்தில், அகலமாக, நடுவில் நின்றிருந்தார். ஆணையர்கள் ஓரத்தில் நின்று பழகியிருக்க மாட்டார்கள்.

"வழி விடுங்க" என்றாள் தட்டக்கா. கத்தவில்லை. ஆனால் வளைவு அதை வாங்கி, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் சொல்லிக்கொண்டே போனது.

ஆணையர் வயிற்றை உள்ளிழுத்துச் சுவரோடு ஒட்டினார். தட்டு அவர் காதை உரசாமல் போனது. ரொட்டி வாசனை மட்டும் அவர் முகத்தில் நின்றது.

அவள் போன பிறகும் அவர் சிறிது நேரம் சுவரை விட்டு வரவில்லை. மேற்பார்வையாளர் புத்தகத்தை அணைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து, பதற்றத்தோடு சொன்னார்: "சார், தப்புப் பண்ணிட்டீங்க. நீங்க ஒதுங்கிட்டீங்க. ஆணையர் ஒதுங்கி வழி விட்டுட்டா அது வழின்னு ஆயிடும். இனி யாராலயும் மாத்த முடியாது."

"விதியில இருக்கா?"

"துண்டுதான் சார் விதியில இல்ல. இது இருக்கு."

ஆணையர் சுற்றிலும் பார்த்தார். ஏணி, மெத்தை, பிள்ளைகள், காமிராக்கள். சட்டைப்பையிலிருந்த பேச்சை எடுத்து, பார்த்து, மடித்துத் திரும்ப வைத்தார். கத்தரிக்கோலை வாங்கிச் சுவரோரம் கட்டியிருந்த நாடாவை வெட்டினார். "என்னோட நீண்ட நாள் கனவு இது. இந்தப் பாதைய மக்களுக்காக இன்னிக்குத் திறந்து வைக்கிறேன்" என்றார். நாங்கள் பிறந்ததிலிருந்து நடந்துகொண்டிருந்த பாதை அன்றுதான் திறக்கப்பட்டது. இயக்குநர்தான் முதலில் கை தட்டினார்.

கடையில் மாமியார் தட்டை இறக்க உதவினாள். வழக்கம்போல ஒரு ரொட்டியை விரலால் அழுத்தியவள், விரலை வெடுக்கென்று எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். மருமகளை ஒரு தடவை பார்த்தாள். அதற்குள் கடை முன்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். சிப்பத்தில் தங்கியிருந்தவர்கள்கூட வந்து நின்றார்கள்.

எல்லோரையும் விலக்கிக்கொண்டு ஓர் ஓட்டுநர் முன்னால் வந்தார். ஆணையர் காரில் காத்திருக்கிறார், அவருக்கு அந்த ரொட்டி உடனே வேண்டும் என்றார்.

மாமியார் தலையை நிமிர்த்தாமல் காகிதத்தைக் கிழித்துக்கொண்டே சொன்னாள்: "பின்னால போய் நில்லு தம்பி. உன் முறை வர்ற வரைக்கும் ஆறாது."